டயரைத் தொட்ட கை

குருநகரில் வலைகள் காயும் மதிலோரம் நின்று, சாய்ந்த வெயில் திரையில் விழாமல் கைபேசியை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்திருக்கிறான் ஜெயசுதன். பிரான்சில் இருபத்துநாலு மணிநேரக் கார் ஓட்டம் நடக்கிறது. முடிய இன்னும் ஒன்றரை மணிநேரம். முதலாவதாக ஓடிய காருக்கு டயர் மாற்றுகிறவர்களில் ஒருவன் அவன் தம்பி அருள்நேசன். பெற்றோல் அடித்து முடியுமுன் டயர் வேலை தொடங்கக்கூடாது என்பது விதி. குழாயைக் கழற்றுமுன் யாரோ டயரைத் தொட்டதாகச் சொல்லி, நடுவர்கள் ஒரு நிமிடம் தண்டனை கொடுத்துவிட்டார்கள். கார் இப்போது மூன்றாவது. "கண் தெரியாத கூட்டம்! காலமை மற்றக் கார்க்காரர் இதையே செய்ததை உவங்கள் காணேல்லையோ?" என்று கத்துகிறான் ஜெயசுதன். "கத்தாதேங்கோ, திருப்பிப் போடுங்கோ பாப்பம்," என்கிறாள் மனைவி ஜெனிற்றா.

நான்காவது தடவையாகப் படம் ஓடுகிறது. கையுறை போட்ட ஒரு கை டயரை மெல்லத் தொடுகிறது, தலைக்கவசத்தின் நெற்றிக்குப் போகிறது, நெஞ்சுக்கு இறங்குகிறது. "இஞ்சை வள்ளம் தள்ளமுதல் முன் அணியத்தைத் தொட்டுச் சிலுவை போடுறமாதிரியெல்லோ கிடக்கு," என்கிறாள் அவள். "ஓம். தம்பிதான்," என்கிறான் அவன். "அப்ப ஆரிலை பிழை?" தொட்டது உண்மை. வேலை தொடங்கவில்லை என்பதும் உண்மை. நடுவர்களைத் திட்டி அவன் பாதி எழுதிய பதிவு திரையின் அடியில் அனுப்பப்படாமல் நிற்கிறது. ஆறு மணிச் செபத்துக்குக் கோயில் மணி அடிக்கிறது. அவன் கை தன்பாட்டில் எழும்பி நெற்றியைத் தொடுகிறது. நெஞ்சுக்கு வருமுன் நின்றுவிடுகிறது.