வாடிய பூவின் படம்

என் மனைவி மரகதவல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தலையிலிருந்து கழற்றிய மல்லிகைச் சரம் கட்டில் ஆணியிலேயே காய்ந்து தொங்கியது. அவள்தான் திரும்பி வரவில்லை. பூ உதிர்வதற்குள், வாடிய கோலத்திலேயே ஒரு படம் எடுத்துவைக்க நினைத்தேன். போனில் எடுத்தால், அப்போதுதான் தொடுத்தது போல வெள்ளை வெளேரென்று வந்தது.

போன் கடை ஜப்பாரிடம் காட்டினேன்.

"வாடினது, கிழிஞ்சது எல்லாத்தையும் குறைன்னு நெனச்சு அதுவே சரிபண்ணிரும் பெரியவரே. இப்ப எந்த போன்லயும் அதை நிறுத்த முடியாது."

"நெசந்தான். பாதி தின்ன வடையை எடுத்தேன், முழுசா வந்துச்சு. மிச்சத்தையும் தின்னுட்டு வெறுந்தட்டை எடுத்தேன், ரெண்டு வடை இருந்துச்சு."

"சட்னி வரலையா?"

"அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன்."

சாயங்காலம், ஜன்னலோரம் அவள் உட்காரும் நாற்காலியில் சரத்தை வைத்து இன்னொரு படம் எடுத்தேன். உடனே பார்க்கத் துணிவில்லை. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.

பூ பளிச்சென்று மலர்ந்திருந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது. அதில் ஒரு குறையும் போனுக்குத் தெரியவில்லை.