குதிகால்

“மூக்குதான் அத்தான். சத்தத்தை வெச்சே சொல்லிடலாம். மூக்கேதான்.”

“கன்னமாக்கூட இருக்கலாம்டா மச்சான். குதிகாலுக்கு என்ன தெரியும்? ஏதோ நொறுங்குச்சு, அவ்வளவுதான்.”

“அப்ப மூக்குதான். எங்க வீட்டு மாப்பிள்ளை ஒருத்தன் மூக்கை உடைச்சிருக்கார்! அக்கா சத்தியமா நம்ப மாட்டா.”

கழுத்தில் பதக்கம் தொங்க, முதலுதவிப் பந்தலில் ஒரு கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தார் அத்தான். ஏரியில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், சைக்கிளில் தொண்ணூறு, அதற்குமேல் இருபத்தொன்று ஓட்டம். ஏழரை மணி நேரத்தில் அத்தனையும் முடித்துவிட்டு வந்தவர், பேசியதென்னவோ முதல் பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும்தான்.

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு ‘மெத்தை’ என்று பெயர். யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம், சத்தம் வராது. நாற்பத்திரண்டு வயதுவரை ஒருவர்மேல்கூட அவர் கை ஓங்கியதில்லை. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். “தண்ணியில உங்களுக்கு எவனும் வழி விட மாட்டான் சார். மேல ஏறி நீந்துவான், காலைப் பிடிச்சு இழுப்பான். பிடிச்சா உதைங்க. அங்க அது தப்பே இல்லை.”

பந்தலுக்கு வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. “எண் முந்நூற்றுப் பன்னிரண்டு, நேரம் குறிக்கும் கால்பட்டையை மேசையில் திருப்பித் தரவும்.”

“காலையில இருந்து கத்தறாங்க,” என்றான் மச்சான். “பட்டையோட வீட்டுக்கு ஓடிட்டான் போல. எல்லாப் போட்டியிலயும் இப்படி ரெண்டு பேர் உண்டாம். அதை விடுங்க, கதைக்கு வாங்க.”

அத்தான் மறுபடியும் சொன்னார். விசில் ஊதியதும் நானூறு பேர் ஒரே மூச்சில் ஏரிக்குள் பாய்ந்தார்கள். ஒரு முழங்கை அவர் தாடையில் இறங்கியது. எவனோ முதுகில் ஏறிக் கடந்து போனான். தண்ணீரும் இரத்தமும் ஒன்றாக வாய்க்குள் போயின. எல்லாவற்றையும் வழக்கம்போலப் பொறுத்துக்கொண்டார்.

முதல் மிதவையைத் தாண்டும்போதுதான் ஒரு கை அவர் கணுக்காலைப் பற்றியது. பிறகு இன்னொரு கை. நகங்கள் சதைக்குள் இறங்கின. இழுத்த இழுப்பில் அவர் தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

அந்தப் பச்சை இருட்டுக்குள், இதுவரை அவரை மிதித்த அத்தனை பேரும் அந்த இரண்டு கைகளாகத் திரண்டு வந்துவிட்டதாகத் தோன்றியது. காலை மடக்கி முழு பலத்தோடு விட்டார். பிடி தளரவில்லை. இன்னொன்று விட்டார். மூன்றாவது உதையில் ஏதோ நொறுங்கியது. கைகள் போயே போய்விட்டன.

“திரும்பிப் பார்த்தீங்களா?”

“எதுக்கு? உடம்பு இறகு மாதிரி ஆயிடுச்சு. அப்படி நான் நீந்தினதே இல்லைடா.”

மச்சான் பக்கத்துக் கட்டிலைக் காட்டிக் கண்ணடித்தான். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஒரு தடித்த ஆள் படுத்திருந்தார். அத்தானுக்கு வெட்கமும் பெருமையுமாக வந்தது. நொண்டிக்கொண்டே போய் நின்றார்.

“சார்... தண்ணியில அந்த உதை... நான்தான். மன்னிச்சுக்குங்க.”

அந்த ஆள் பஞ்சு மூக்கோடு சிரித்தார். “இதுவா? சைக்கிள்ல திரும்பும்போது தடுப்புக் கம்பிக்கு முத்தம் கொடுத்தேன். தண்ணியில என்னை ஒருத்தனும் தொடலை. நீங்க உதைச்சது வேற யாரையோ.”

“போச்சு! உங்க மூக்கு வேற எங்கயோ சுத்திக்கிட்டிருக்கு அத்தான்,” என்றான் மச்சான்.

சைக்கிளை எடுக்க, சைக்கிள்களை நிறுத்தியிருந்த வேலிக்குள் அத்தான் மட்டும் போனார். கையில் எண் எழுதியிருப்பவர்களுக்குத்தான் அனுமதி. 311, அவருடையது. அதை ஒட்டி இன்னொரு சைக்கிள் நின்றது. அதன் கைப்பிடியில் மல்லாத்தி வைத்த தலைக்கவசம். அதற்குள் உருட்டிய காலுறைகள், வெயிலில் கறுத்துப்போன ஒரு வாழைப்பழம்.

விடியற்காலையில் அவர் பார்த்தபடியே எல்லாம் இருந்தது. ஏரியிலிருந்து ஏறி வருகிறவன் முதலில் எடுப்பது தலைக்கவசத்தைத்தான். அத்தான் குனிந்து இருக்கைக்கு அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். 312.

“சார்! முந்நூத்திப் பதினொண்ணு சார்!”

வேலிக்கு அப்பால் ஒரு பெண். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு.

“எங்க வீட்டுக்காரருக்கு உங்களுக்கு அடுத்த நம்பர் சார். கரையில செருப்பைப் பார்த்து எடுத்துக்கிட்டேன். மைக்ல அவர்கிட்ட பட்டையைக் கேக்கறாங்க பாருங்க, ஓடிக்கிட்டு இருக்கற மனுஷன் எப்படிக் கழட்டித் தருவாரு?” என்று சிரித்தாள். “ஓட்டம்லாம் மெதுவா முடிச்சிடுவாரு. தண்ணிதான் அவருக்குப் பயம். ‘மூச்சு முட்டினா பக்கத்துல போறவரைப் பிடிச்சுக்கறேன், நானூறு பேர் இருக்காங்களே’ன்னு சொல்லிட்டு வந்தாரு.”

அத்தானின் கணுக்காலில் நகக்கீறல்கள் எரிந்தன.

“நீங்க உள்ள போறவங்கதானே சார். அவரைப் பார்த்தா, செருப்போட நான் இங்கயே நிக்கறேன்னு சொல்லிடறீங்களா?”