பெஞ்சில் இருந்த இன்னொருத்தி

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் புகைப்படக்காரருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

அவளேதான். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில், அப்பாவின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள். "ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டபோது, பேசத் தெம்பில்லாமல் தலையாட்டியவள்.

அருங்காட்சியக அரங்கு நிறைந்திருந்தது. படத்தால் கதை சொல்வது எப்படி என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் திரையில், அவருக்குப் பேர் வாங்கித் தந்த அந்தப் படம். நீளமான பெஞ்சில் தலை கவிழ்ந்து, தன்னந்தனியாக ஒரு கிழவர்.

பக்கத்தில் இருந்த மகளைக் கம்ப்யூட்டரில் படத்திலிருந்து அழித்தது அவர்தான். அப்போதுதான் படம் 'பேசியது'.

"காம்போசிஷன்னா, அதாவது படத்தை அமைக்கிறதுன்னா, எதைச் சேர்க்கிறோம்கிறது இல்லைங்க. எதை விடறோம்கிறதுதான்."

எப்போதும் கைதட்டல் வாங்கும் வரி. இன்று அதை அவள் பக்கம் பார்க்காமல் சொன்னார். அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் மைக்கை வாங்கினார்.

"சார், அந்தப் பெரியவருக்குப் பிள்ளைங்களே இல்லையா? இருந்தும் இப்படி விட்டாங்கன்னா, அதுங்கள்லாம் மனுஷ ஜென்மமா?"

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

மானம் போயிற்று என்று நினைத்தார் புகைப்படக்காரர். அவள் போட்டு உடைப்பதற்குள் தானே சொல்லிவிடுவது மேல். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லணும்னா, அந்த பெஞ்சில..."

"நான்தாங்க அவர் பொண்ணு," என்று அவள் முந்திக்கொண்டாள். "அன்னிக்கு அப்பாவைத் தனியா விட்டுட்டேன். தப்புதான்."

நாலு பக்கமும் முணுமுணுப்பு. பக்கத்து இருக்கை அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"இதை எழுந்து சொல்ல வேற செய்யறா பாரு," என்றது ஒரு குரல்.

கூட்டம் முடிந்ததும் அவளைப் படிக்கட்டில் பிடித்தார்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? நீங்க கூடவேதானே இருந்தீங்க. நான்தானே உங்களை..."

"மெதுவா பேசுங்க சார். நீங்க சொல்லிடுவீங்கன்னு பயந்துதான் எழுந்தேன்."

"பயந்தா? எதுக்கும்மா?" என்றார் அவர்.

"என் அண்ணன் அப்பாகிட்டக் கோவிச்சுக்கிட்டுப் போனவன், வீட்டுப் பக்கமே வரலை. அப்பா விழுந்துட்டார், வாய்ப்பேச்சு போயிடுச்சுன்னு எத்தனையோ தடவை சொல்லி அனுப்பினேன். 'அதான் நீ இருக்கியே'ன்னுட்டான். அப்புறம் பத்திரிகையில உங்க படத்தைப் பார்த்தான். நானும் கைவிட்டுட்டேன், அப்பாவுக்கு யாருமே இல்லைன்னு நினைச்சு, போட்டது போட்டபடி ஓடி வந்து தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். குளிப்பாட்டறது, ஊட்டிவிடறது எல்லாம் இப்போ அவன்தான்."

கைப்பையின் வாரை முறுக்கியபடியே கேட்டாள்:

"முழுப் படம் உங்ககிட்ட இருந்தா யாருக்கும் காட்டிடாதீங்க சார். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"அப்போ அண்ணன் உங்களைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டிருக்கார்?"

"எங்கிட்டப் பேசறதில்லை," என்றாள் அவள். "அப்பாகிட்ட நாளெல்லாம் பேசறான் சார்."