தகர டப்பாவும் எலுமிச்சம்பழமும்

கொரிய கம்பெனியின் சிவப்புக் கார் ஒன்று சபாபதியிடம் இருந்தது. ஏறும்போதும் திட்டுவார், இறங்கும்போதும் திட்டுவார். "சைக்கிள் செஞ்சவனுக்குக் கார் எதுக்கு? வெறும் தகர டப்பா!"

ஒருநாள் அதை வாங்கத் தணிகாசலம் வந்தார். சபாபதி பானட்டைத் தடவிக் கொடுத்தார். "சைக்கிள்ல ஆரம்பிச்சு உலகத்தையே பிடிச்ச கம்பெனி சார்! எனக்கு இது பிள்ளை மாதிரி."

அதைக் கேட்டுக் கார் உருகிப்போனது.

தணிகாசலம் கதவைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தகர டப்பாவா இருக்கே!"

பேரம் படிந்து சாவி கை மாறியது. உடனே தணிகாசலம் மனைவிக்குப் போன் போட்டார். "உலகத்தையே பிடிச்ச கம்பெனிடி! வண்டி தங்கம்!"

சபாபதி வீட்டுக்குள் திரும்பிச் சொன்னார். "தகர டப்பா ஒருவழியாத் தொலைஞ்சுது."

தணிகாசலம் எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் வைத்து, முன்சக்கரத்தடியில் வைத்து, பயபக்தியோடு கற்பூரம் காட்டினார்.

கார் பழத்திடம் கிசுகிசுத்தது. "பழையவன் போகட்டும். இவர் என்னை எப்படிக் கொண்டாடுறார் பாத்தியா? இனிமே எனக்கு நல்ல காலம்தான்."

"எனக்கும்தான் பொட்டு வச்சுக் கற்பூரம் காட்டினார்," என்றது எலுமிச்சம்பழம்.

தணிகாசலம் முதல் கியரைப் போட்டார்.