அனுமதி மறுக்கப்பட்டது

“பதினெட்டு வயசெல்லாம் போதாது. சட்டத்துல இருபத்தொண்ணுன்னு மாத்துங்க” என்றார் அவர். அறுபதைத் தொட்ட வயது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

செயலி அங்காடிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில், புகார் மேஜையில் இருந்தவளுக்கு இப்படிப்பட்ட அப்பாக்கள் புதிதல்ல. பதினெட்டு நிறையாத பிள்ளைகள் எந்தச் செயலியைப் போனில் இறக்கினாலும் பெற்றவர் அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, அதை வைத்தே வீட்டில் தர்பார் நடத்துகிறவர்கள் வாரம் இருவராவது வந்துவிடுவார்கள்.

அவருடைய புகார் சிறியது. தினமும் காலையில் மகளின் போனிலிருந்து வரும் அனுமதிக் கோரிக்கை திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. கோளாறு எதுவானாலும் இன்றே சரிசெய்ய வேண்டும்.

அவள் பதிவைத் திறந்து பார்த்தாள். “கோளாறு இல்லைங்க ஐயா. திங்கட்கிழமையோட உங்க பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. இனிமே எது வேணும்னாலும் அதுவே இறக்கிக்கலாம்.”

“அவ பொறந்த நாள் எனக்குத் தெரியும்.”

“கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளையும் இவர்கிட்டதான் அனுமதி கேக்கணும்போல” என்று பக்கத்து மேஜைக்காரர் முணுமுணுத்தார்.

திரையில் கோரிக்கைகள் வரிசையாக ஓடின. மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று. அத்தனையும் ஒரே செயலிக்கு; அத்தனைக்கும் எதிரே ‘மறுக்கப்பட்டது’.

“வெறும் டார்ச் லைட்டுங்க ஐயா. அதுவும் எல்லா போன்லயும் வாங்கும்போதே இருக்கு.”

“தெரியும்.”

வீட்டில்தானே இருக்கிறாள், நேரிலேயே பேசி முடித்திருக்கலாமே என்று அவள் கேட்டாள். முகவரி சொல்வதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் அவர் சொன்னார். மனைவி பிரிந்து போனபோது, அம்மாவோடுதான் இருப்பேன் என்று மகள் நீதிமன்றத்தில் நின்று சொல்லிவிட்டாள். இனி அவள் என் பெண்ணே இல்லை என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவர் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்வது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. போன் மட்டும் பழையபடி அவர் பொறுப்பிலேயே பதிவாகியிருந்தது. அதை மாற்றச் சொல்லி மகளும் கேட்கவில்லை.

அந்த வீம்பு மேஜையில் இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு அடக்கியும் குரலில் சூடு ஏறிவிட்டது.

“பேச்சுவார்த்தைதான் இல்ல, சரி. அந்தப் பொண்ணு கேட்டது ஒரு டார்ச்சு. ஒரே ஒரு தடவை ‘சரி’ன்னு அமுக்கியிருந்தா உங்க கௌரவம் என்னங்க ஐயா கொறைஞ்சிருக்கும்?”

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். திரை அணைந்தது. கட்டைவிரலால் தொட்டு மறுபடி ஒளிர வைத்தார். ஒன்றும் வந்திருக்கவில்லை.

“குடுத்துட்டா, மறுநாள் கேக்க மாட்டாளேம்மா.”