பதிலுக்கு ஒரு குரல்

வேலையே கதியென்ற வாழ்வை உதறிவிட்டு, முன்பின் அறியாதோர் தயவில் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தவருக்கு, வழியில் சந்தித்த ஒரு கணக்காளர் தம் கட்டிலையே அளித்தார்.

"அப்ப நீங்க எங்க படுப்பீங்க?"

"ஆபீஸ்லதான் சார். வீட்ல படுத்து மாசக்கணக்காச்சு." வாசலில் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சின்ன உதவி. உள்ளே அம்மா இருக்காங்க, கண் தெரியாது. 'வந்துட்டியாப்பா'ன்னு கேட்டா, 'வந்துட்டேன்மா'ன்னு சொல்லிடுங்க."

"குரலை வச்சுக் கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"இதுவரைக்கும் யாரும் மாட்டிக்கலை."

அவர் சென்ற சற்று நேரத்தில் உள்ளறையிலிருந்து கேள்வி வந்தது.

"வந்துட்டியாப்பா?"

விருந்தினர் தயங்கினார். "வந்துட்டேன்மா."

"நல்லது தம்பி. போன வாரம் வந்தவர் மூணு நாள் இருந்தார். நீங்களும் முடிஞ்ச வரைக்கும் இருங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் ஆளைக்கூட அனுப்ப மாட்டான்."