பெயரில்லாத கல்

இங்கிலாந்துக் கிராமமொன்றில் அந்தப் பிரபுக் குடும்பத்தின் சொந்தத் தேவாலயம் பன்னிரண்டு பேர் அமரும் அளவுதான். தரை முழுதும் கல்லறைக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூதாதையின் பெயர். அங்கே துப்புரவு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மங்களேஸ்வரி, பெயர்களை மிதிக்காமல் சுவரோரமாகப் போய், பீடத்தருகே பெயரில்லாத ஒரே கல்லில் நின்று எட்டி எட்டித் துடைப்பாள். கடைசி வாரிசான கிழவர் ஹியூ சேற்றுச் சப்பாத்தோடு எல்லார்மீதும் நடந்து வருவார்.

"செத்த சனத்தை இப்பிடி உழக்கலாமோ?" என்று தமிழிலேயே எரிந்து விழுவாள். கோபம் மட்டும் விளங்கி, அவர் சிரிப்பார்.

போன கிழமை அவரை அந்தக் கல்லுக்குக் கீழே இறக்கினார்கள். இன்று கல்தச்சன் பெயரைச் செதுக்கி முடித்துத் தூசியை ஊதினான். மங்களேஸ்வரி வாளியுடன் வாசலிலேயே நின்றாள்.

"பாவி மனுசா," என்றாள் கல்லைப் பார்த்து. "இனி நான் எங்கை நிண்டு துடைக்கிறது?"